மீன் ஆயும் கத்தி

திங்கட்கிழமை பைகளைச் சோதிப்பது என் முறை.
காசிமேட்டுப் பையன்களின் பைகளில்
எப்போதும் கொஞ்சம் மணல் இருக்கும்.
உடைந்த சீப்பு, வடையெண்ணெய் ஊறிய தமிழ் நோட்டு,
ஒரு முறை உயிரோடு ஒரு புறாக்குஞ்சு.

ஒன்பதாம் வகுப்பு இ பிரிவு, லோகித்.
டிபன் பாக்ஸுக்கு அடியில்
துண்டில் சுற்றி, தட்டையாக.
பிரித்ததும் கவிச்சி அடித்தது.
"இன்னாடா இது?" என்றேன்.
எனக்கும் அந்தப் பேச்சுதான் வரும், அவசரத்தில்.
"குத்தறதுக்கு இல்ல மிஸ்.
இட்டாந்துகீறான்னு தெரிஞ்சா போதும்,
கிட்ட வரமாட்டானுங்க."

ஸ்டாஃப் ரூமில் விஷயம் டீக்கு முன்பே வந்துவிட்டது.
வாசலில் மெட்டல் டிடெக்டர் வை என்றார் டில்லிபாபு சார்.
"காம்பஸ் பாக்ஸை என்ன பண்றது?"
கணக்கு செலின் தலை நிமிராமல் கேட்டாள்.
ஆகஸ்டில், கண்ணுக்கு ஒரு விரல் கீழே இறங்கியது
அரசு கொடுத்த காம்பஸ்.
பெண்பிள்ளைகளுக்குக் கராத்தே சொல்லித் தருகிறோமே,
அதற்குத் தற்காப்பு என்றுதானே பேர் என்றார் ஒருவர்.
கை வேறு கத்தி வேறு என்றார் இன்னொருவர்.
"நாலு பேர் சுத்தி நின்னா, கை எந்த மூலைக்கு?"
"அப்போ நாலு பேரும் ஆளுக்கொரு கத்தி கொண்டாரட்டும்,
சமமாப் போச்சு."
யாரோ சிரித்தார்கள். டீ ஆறிவிட்டிருந்தது.

நான் பேசவில்லை.
மடியிலிருந்த என் கைப்பையில்
மிளகு ஸ்பிரே இருந்தது.
கொருக்குப்பேட்டை கேட் மூடிக் கிடந்த ஓர் இரவுக்குப் பிறகு வாங்கியது.
ஒரு தரம்கூட அமுக்கியதில்லை.
காலாவதியாகி எட்டு மாதம்.
இருந்தும், நடக்கும்போது விரல் அதைத் தேடும்.
என் பையைத் திறந்து காட்டச் சொல்லி
எவரும் கேட்டதில்லை.

பதினோரு நாளாம்.
டோல்கேட் மெட்ரோ தூணுக்கு அடியில்
ப்ளஸ் ஒன் பையன்கள் மறிக்கிறார்களாம்.
"யார்கிட்டயாவது சொன்னியா?"
என் முகத்தைப் பார்த்தான்.
"உங்ககிட்டதான் மிஸ்."

சொல்லியிருக்கிறான்.
இரண்டாம் நாள், உலோகங்கள் பாடம்.
"அவனுங்க பக்கம் போகாத" என்றுவிட்டுப்
போர்டின் பக்கம் திரும்பினேன்.
அன்று அவனிடம் இருந்தது ஒரு வாக்கியம் மட்டும்.
அதை நான் வாங்கி வைத்திருக்க வேண்டும்.

பதினோரு மணிக்கு அவன் அம்மா தேசராணி வந்தாள்.
முழங்கை வரை செதில்.
"கத்தியக் குடுங்க டீச்சர்,
லாஞ்சு வந்துட்ச்சி,
இரவல் கத்தில கடம்பா ஆஞ்சிட்டுகீறேன்,
பாதி காசு கத்திக்காரிக்கே பூடுது."
தலைமையாசிரியர் போலீஸ் என்றார், டிசி என்றார்.
அவள் அழுவாள் என்று நாற்காலி நகர்த்தினோம்.
உட்காரவில்லை.
"அத்தத் தொட்டா கைய ஒடிப்பேன்னு
சின்னதுலேர்ந்து சொல்லிகீறேன்.
அத்தயும் மீறி எடுத்துகீறான்னா
இன்னாத்தப் பாத்துப் பயந்தான்?
கேட்டீங்களா?"

பழைய கேள்வித்தாளில் சுற்றிக் கொடுத்தோம்.
பதிவேட்டில் எழுதினேன்:
பொருள், மீன் ஆயும் கத்தி, ஒன்று.
உரிமையாளரிடம் ஒப்படைக்கப்பட்டது.
காரணம் என்ற கட்டம் சின்னது.
பேனாவை மூடிவிட்டேன்.

நாலு பத்துக்கு லோகித்தோடு தூண் வரை நடந்தேன்.
அவன் நாலடி முன்னால்.
மிஸ்ஸோடு போவது வெட்கம்.

மூன்று பேர் நின்றார்கள்.
இரண்டு பேர் ஷேர் ஆட்டோவுக்குப் பின்னால் நழுவ,
மூன்றாமவன் என் பழைய மாணவன், சந்தானராஜ்.
"குட் ஈவினிங் மிஸ்."
பையை முதுகில் மாட்டாமல்
நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான்,
இரண்டு கையாலும்,
உள்ளே ஏதோ நீளமாக விறைத்து நின்றது.
அவன் கண் என் மேலும் இல்லை, லோகித் மேலும் இல்லை.
எங்கள் தோளுக்குப் பின்னால்
ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மேலே ரயில் போய் முடியட்டும் என்று நின்றேன்.
பிறகு,
"உனக்கு எத்தனை நாளாடா?" என்றேன்.